முத்தமிழில் ஏனைய இரண்டு: மும்பைக் கலைப்புல மாணவர்க்கு இசையடிப்படையும் அரங்கப் பயிற்சியும்

முன்னுரை

தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ ஒட்டி மகாராட்டிர அரசு வகுத்துள்ள பட்டப்படிப்புச் சட்டகத்தில் இணைப்பாடச் செயற்பாடுகள் என்றொரு பிரிவு உண்டு. யோகம், விளையாட்டு, நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவற்றோடு நிகழ்த்துகலைகளும் அப்பிரிவில் அடங்கும். மும்பைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் 2024–25 ஆம் கல்வியாண்டு முதல் இச்சட்டகம் நடைமுறைக்கு வந்துள்ளது. கலைப்புல மாணவர் ஒருவர் இசையின் அடிப்படைகளையும் மேடையாக்கத்தின் அடிப்படைகளையும் தம் பட்டப்படிப்பின் பகுதியாகவே பயிலும் வாய்ப்பு இதனால் கிட்டியிருக்கிறது. இரண்டு கிரெடிட் என்பது செய்முறைக் கணக்கில் 60 மணி நேரம்.

இந்த 60 மணி நேரத்திற்கு உரிமை கொண்டாட எவரெவரோ முன்வரக்கூடும். கருநாடக இசை கற்பிப்போர் வரலாம். நடனப் பள்ளியினர் வரலாம். ஆண்டுவிழா ஒத்திகையையே பயிற்சி நேரமாகக் கணக்கெழுதும் குறுக்குவழியும் தலைகாட்டலாம். வராதவர் தமிழாசிரியர். இயல், இசை, நாடகம் மூன்றும் தமிழே என்று ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் அறிவிப்பவர், அவற்றுள் இரண்டைக் கற்பிக்க இடம் கிடைத்தபோது ஒதுங்கி நிற்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய மூன்று தமிழ்ப் பகுதிகளைத் தன்னகத்தே கொண்ட மும்பையில் இவ்வொதுங்கல் வெறும் சோம்பல் அன்று. யாருடைய இசை அறிவெனக் கொள்ளப்படும், யாருடையது இரைச்சலெனத் தள்ளப்படும் என்பதை அது தீர்மானித்துவிடுகிறது.

பொருள் தெரிந்த சொற்கள், ஓசை தெரியாத சொற்கள்

சிலப்பதிகார அரங்கேற்று காதையைப் பாடமாகப் பயிலாத தமிழ் மாணவர் இலர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களை அவர் ஒப்பிப்பார். அவற்றுக்கு நேரான ச, ரி, க, ம, ப, த, நி என்னும் எழுத்துகளையும் எழுதுவார். குரலுக்கு 4, துத்தத்திற்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்திற்கு 2 என மாத்திரைகளைக் கூட்டி 22 என்று விடை தருவார். குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவு காதில் எவ்வாறு ஒலிக்கும் என்று கேட்டால் அவரிடம் விடையில்லை. பல வேளைகளில் அவர்தம் ஆசிரியரிடமும் இல்லை. நிறக்குருடர்க்கு நிறப்பெயர்களை மனப்பாடம் செய்வித்துத் தேர்வு நடத்துவது போன்றது இது.

இந்நிலைக்கு நெடிய வரலாறு உண்டு. உ.வே. சாமிநாதையர் இளமையில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் பயிலத் தொடங்கிய காலத்தில், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் பயின்றுவந்தார். இசையில் மனம் சென்றால் இலக்கணப் பயிற்சி கெடும் என்று பிள்ளையவர்கள் கருதியதை அறிந்ததும் அப்பயிற்சியை விட்டுவிட்டார். இதனை ஐயரே தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். அதே ஐயர் 1892-இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பிக்க நேர்ந்தபோது, தமிழ் நூல்களிலேயே இசைச் சொற்கள் மிகுந்த ஒன்றோடு போராட வேண்டியதாயிற்று. பிள்ளையவர்களைக் குறை கூறுவதற்காக இங்கு இது சுட்டப்படவில்லை. அவர் காலத்துப் புலமைச் சூழலில் அக்கருத்து இயல்பானது. ஆனால், அடியார்க்குநல்லார் இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் ஆகிய ஐந்தையும் துணைக்கொண்டு உரை வகுத்தவர் என்று பாராட்டுரை எழுதும் இன்றைய துறைகள், பிள்ளையவர்களின் விலக்கை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

மாறாக நடந்ததற்கும் சான்று உள்ளது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931-இல் பொறுப்பேற்ற விபுலானந்த அடிகள் அறிவியல் பட்டம் பெற்றவர். சேக்சுபியர் நாடகங்களை முன்வைத்து நாடகவியலைப் பேசும் மதங்க சூளாமணியையும், பண்டைய யாழ்க்கருவிகளைக் கணித முறையில் மீட்டெடுக்க முயன்ற யாழ்நூலையும் (1947) எழுதியவர் அவரே. நாடக இலக்கணமும் இசைக் கணக்கும் தமிழ்த்துறையின் வேலை என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கும் துறைகளுக்கே அவ்வையம் வந்துவிட்டது.

அரங்கேற்று காதை யாரையெல்லாம் மேடைக்கு அழைக்கிறது என்பதை உற்றுநோக்குதல் வேண்டும். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என்று அறுவரின் தகுதிகளை இளங்கோவடிகள் வரிசையாகக் கூறுகிறார். தமிழ்ப் புலவர் அவ்வறுவருள் ஒருவர். பார்வையாளர் வரிசையில் அமர்ந்து பிறகு திறனாய்வு எழுதுபவர் அல்லர். இசைக்கும் ஆடலுக்கும் ஏற்பச் சொல்லமைக்கத் தெரிந்திருத்தல் அவருடைய தகுதியாகக் கூறப்படுகிறது. இன்று இப்பகுதியை நடத்தும் ஆசிரியர் தம் இடத்தையே அதில் கண்டுகொள்ளாமல் கடந்துபோகிறார்.

கோலும் சுண்ணக்கட்டியும்

மேடையாக்கம் என்றதும் ஒளியமைப்புக் கருவிகள், சுழல்மேடை, பெருஞ்செலவு என்று மலைப்போர் உளர். அரங்கேற்று காதை தரும் அளவுகளைக் கணக்கிட்டுப் பார்த்தால் இம்மலைப்பு நீங்கும். அகலம் 7 கோல், நீளம் 8 கோல், தரையினின்று உயரம் 1 கோல், மேடைப் பலகைக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல். கோல் என்பது 24 பெருவிரல் அகலம். ஒரு பெருவிரலை ஓர் அங்குலமாகக் கொண்டால் கோல் 2 அடி. மேடை 14 அடிக்கு 16 அடி. தலைக்கு மேல் இடைவெளி 8 அடி. பெருவிரலை முக்கால் அங்குலமாகக் கொள்வோர்க்கு அது 10½ அடிக்கு 12 அடியாகச் சுருங்கும். அப்போது மேல் இடைவெளி 6 அடியே. அதில் கையுயர்த்தி ஆடுவது எவ்வாறு என்னும் வினா உடனே எழும். நூலறிவால் மட்டும் எழாத வினா இது. வகுப்பறையின் இருக்கைகளை ஒதுக்கிவிட்டுச் சுண்ணக்கட்டியால் தரையில் இரு அளவுகளையும் கோடிட்டு, இரு மாணவரை அதனுள் நடக்கச் சொன்ன ஆசிரியர்க்கு அரை மணி நேரத்தில் கிடைக்கும்.

மாதவியின் அரங்கு ஒரு கல்லூரி வகுப்பறைக்குள் அடங்கும் என்னும் செய்தியே மாணவர்க்கு வியப்பளிக்கும். காவியத்தின் பெருமையால் அம்மேடையைப் பேரரங்கமாகக் கற்பனை செய்துகொண்டவர், நடிப்பவரின் புருவ அசைவும் பார்ப்பவர்க்குத் தெரியும் நெருக்கத்தில் அது நிகழ்ந்தது என உணரும்போது, அக்காதையை வேறு விதமாக வாசிப்பார். அத்துடன் தூண் நிழல் மேடையில் விழாதவாறு விளக்கு வைத்தல் பற்றிய குறிப்பும் உண்டு. ஒரு மேசை விளக்கும் நிமிர்த்தி வைத்த பலகை ஒன்றும் போதும். விளக்கைப் பின்னும் முன்னும் நகர்த்தி நிழல் எங்கே விலகுகிறது என்று மாணவரே கண்டறியலாம். ஒளியமைப்பு என்னும் துறையின் முதற்பாடம் அதுவே.

எழினி மூன்றும் அத்தகையனவே. ஒருபுறமிருந்து இழுப்பது, இருபுறமிருந்து வந்து பொருந்துவது, மேலிருந்து இறங்குவது என்று பொருள் எழுதி மதிப்பெண் பெறுவோர் எண்ணற்றவர். ஒரு கயிற்றையும் நான்கு வளையங்களையும் பழைய போர்வையையும் கொண்டு அவற்றை இழுத்துப் பார்த்தவர் மிகச் சிலர். ஒருமுகத் திரை விலகும்போது மேடையின் ஒரு பக்கம் முதலில் வெளிப்படுகிறது. ஆகவே அங்கு நிற்கும் பாத்திரமே முதலில் கண்ணில் படும். இரு திரைகளும் விலகினால் நடுவில் நிற்பவரே முதலில் படுவார். மேலிருந்து இறங்கும் திரையோ உயரும்போது காலிலிருந்து தொடங்கி முகத்தை இறுதியில் காட்டும். ஒவ்வொரு திரையும் காட்சிக்கு வெவ்வேறு தொடக்கம் தருகிறது. உரையாசிரியர்கள் இவ்வேறுபாட்டைப் பிரித்துப் பெயரிட்டதற்குக் காரணம் இருந்தது என்பதை மாணவர் கையால் இழுத்த பின்னரே நம்புவார். பரிதிமாற் கலைஞர் 1897-இலேயே நாடகவியல் என்னும் இலக்கண நூலைச் செய்யுளில் யாத்தார். அந்நூலின் பெயரைப் பட்டியலில் சேர்த்துக் கடப்பதைக் காட்டிலும் ஒரு போர்வை பயன் தரும்.

ஐந்து கறுப்புக் கட்டைகள்

இசைக்கு வருவோம். பாடத் தெரியாத ஆசிரியர், பாடத் தெரியாத மாணவர், கருவி என ஓர் ஆர்மோனியப் பெட்டி. இவ்வளவே உள்ளதாகக் கொள்வோம். ஆர்மோனியத்தின் கறுப்புக் கட்டைகள் ஐந்து. மூன்று சேர்ந்திருக்கும் தொகுதியின் முதற்கட்டையைக் குரலாகக் கொண்டு ஐந்தையும் வரிசையாக அழுத்தினால் மோகனம் ஒலிக்கும். பழைய முல்லைப்பண் அதுவே என்பது அறிஞர் பலரின் முடிபு. கட்டைகளை மாற்றாமல், தொடக்கத்தை மட்டும் அடுத்த கட்டைக்குக் கொண்டு சென்றால் மத்தியமாவதி. அதற்கடுத்ததிலிருந்து இந்தோளம், அடுத்து சுத்த சாவேரி, இறுதியில் சுத்த தன்யாசி. பண்ணுப்பெயர்த்தல் எனச் சிலப்பதிகார உரையில் வரும் நுட்பம் இவ்வளவே. ஒரே ஐந்து ஒலிகள், தொடங்கும் இடம் மாறியதால் ஐந்து பண்கள். இதனைக் கேட்டு உணர இசைஞானம் தேவையில்லை, காது போதும்.

மும்பை மாணவர்க்கு இதில் ஒரு கூடுதல் நன்மை உண்டு. மோகனம் அவருடைய நகரத்தில் பூப் என வழங்குகிறது, மத்தியமாவதி மத்மாத் சாரங், இந்தோளம் மால்கௌன்ஸ், சுத்த சாவேரி துர்கா, சுத்த தன்யாசி தானி. மராத்தி நாட்டியசங்கீதத்தின் வாயிலாகவும் திரைப்பாடல் வாயிலாகவும் இவை அவர் காதில் ஏற்கெனவே விழுந்துள்ளன. 1880-இல் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் அரங்கேற்றிய சாகுந்தலம் முதலாக இசை நாடகம் மராத்தியரின் பொதுச்சொத்தாக வளர்ந்த நிலம் இது. தென்னாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் இசை நாடகத்தைச் செழிக்கச் செய்ததும் ஏறத்தாழ அதே காலப்பகுதியே. இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டும் வாய்ப்பு சென்னைத் துறைகளைவிட மும்பைக்கே மிகுதி. ஒப்பிலக்கியம் என்னும் பெயரால் எங்கெங்கோ தேடிச் செல்வோர் தம் வாயிலில் இருப்பதைக் காணாதது வியப்பே.

இசைக் கோட்பாடு சார்ந்தும் இந்நகரத்திற்கும் தமிழ்நாட்டின் தென்கோடிக்கும் ஓர் உறவு உண்டு. மும்பை வாழ்கேசுவரத்தில் 1860-இல் பிறந்த விஷ்ணு நாராயண பாத்கண்டே, வழக்கறிஞர் தொழிலை விடுத்து இசையாய்வில் இறங்கி, 1904-இல் தென்னாட்டுச் சுற்றுப்பயணம் மேற்கொண்டார். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். வேங்கடமகியின் 72 மேள முறையை அறிந்த அவர், இந்துஸ்தானி இராகங்களைப் பத்துத் தாட்டுகளில் அடக்கும் தம் முறையை வகுப்பதற்கு அவ்வறிவு துணை நின்றது. பிறகு அவர் மராத்தியில் பொதுமாணவர்க்கான பாடநூல்கள் எழுதினார். இசைக் கோட்பாடு குருவின் வீட்டுத் திண்ணையிலிருந்து வகுப்பறைக்கு வந்தது. அவ்வகுப்பறை முசுலிம் உஸ்தாதுகளை ஓரங்கட்டியது என்னும் குற்றச்சாட்டை ஜானகி பாக்லே முதலிய வரலாற்றாசிரியர்கள் முன்வைத்துள்ளனர். அதனையும் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஏனெனில், பாடத்திட்டம் எழுதுபவர் எவரையோ உள்ளே சேர்க்கும்போது வேறெவரையோ வெளியே நிறுத்துகிறார்.

1916-இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டை முன்னின்று நடத்தியவர் பாத்கண்டே. அங்குச் சென்று, சுருதி 22 அன்று, 24 என வாதிட்டவர் ஆபிரகாம் பண்டிதர். இன்றைய தென்காசி மாவட்டத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்து தஞ்சையில் மருத்துவம் செய்தவர் அவர். பண்டிதர் தம் புதல்வியரைக் கொண்டு வீணையில் இசைத்துக் காட்டி வாதிட்டார் என்பதே இங்கு நோக்கத்தக்கது. அவர் முடிபு சரியா, தவறா என்பது வேறு ஆய்வு. 1917-இல் வெளிவந்த கருணாமிர்த சாகரத்தின் பெயரைச் சொல்லித் தமிழிசையின் தொன்மையைப் பறைசாற்றும் மேடைப் பேச்சாளர்கள் அவர் செய்த ஒன்றை மட்டும் செய்வதில்லை: ஒலித்துக் காட்டுவதில்லை. கேட்டறிய இயலாத தொன்மையைப் பற்றி எவ்வளவு முழங்கினாலும் அது வெற்று முழக்கமே. தமிழிசைப் பற்றாளர்க்கு இது கடுமையாகத் தோன்றக்கூடும். ஆயினும் சொல்லியாக வேண்டும். வீ.ப.கா. சுந்தரம், எஸ். இராமநாதன் போன்றோர் பாடியும் இசைத்தும் நிறுவியவற்றை, பாடவும் இசைக்கவும் மறுக்கும் துறைகள் மேற்கோளாக மட்டும் எடுத்தாள்வது அவர்களுக்குச் செய்யும் சிறப்பாகாது.

மாதுங்காவுக்கும் தாராவிக்கும் இடையில்

மாதுங்காவில் திருவிடைமருதூர் குப்பையா பிள்ளை மரபினர் 1945-இல் தொடங்கிய இராஜராஜேஸ்வரி பரதநாட்டிய கலாமந்திர் இன்றளவும் தஞ்சைப் பாணியைக் கற்பித்து வருகிறது. 1952-இல் தோன்றிய சண்முகானந்த சபை 1963-இல் 2,700-க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட பேரரங்கத்தைத் திறந்தது. 1990-இல் தீக்கிரையான அவ்வரங்கம் 1998-இல் மீண்டும் திறக்கப்பட்டது. செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி அரங்கம் நடத்துவதோடு இசை, நடன வகுப்புகளும் நடத்துகிறது. இவை புலம்பெயர்ந்த தமிழர் தம் உழைப்பாலும் பொருளாலும் எழுப்பியவை. இவற்றின் தொண்டைக் குறைத்து மதிப்பிடுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால், இவை கற்பிப்பது இசையின் ஒரு வகை. அதனைக் கற்க வருவோர் பெரும்பாலும் ஒரு வகையினர். கட்டணம் செலுத்தக்கூடிய, மாலைநேரம் ஓய்வுள்ள, தாய்வழியோ தந்தைவழியோ காது பழகிய குடும்பத்துப் பிள்ளைகள் அவர்கள். தனியார் அமைப்பு அவ்வாறு இருக்கலாம். பல்கலைக்கழகம் அவ்வாறு இருத்தல் கூடாது.

மாதுங்காவிலிருந்து தாராவி நடந்து செல்லும் தொலைவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். பதனிடும் பட்டறைகள் பெரும்பாலும் வெளியேறிவிட்டன. தோற்பொருள் செய்யும் தொழில் எஞ்சியுள்ளது. அத்தெருக்களிலிருந்து மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் பறையும் யாழும் கருப்பொருள் என அவர் படிக்கிறார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என எழுதி மதிப்பெண் பெறுகிறார். நிலத்துக்கொரு பறை வகுத்த மரபின் வாரிசு என அவரைப் பாராட்டும் அதே கல்வி, அவருடைய தெருவில் அடிக்கப்படும் பறையை இசைப் பாடத்தில் சேர்க்கத் தகுந்ததாகக் கருதுவதில்லை. ஏட்டிலுள்ள பறை பண்பாடு, தெருவிலுள்ள பறை சாதி என்னும் இவ்விரட்டை அளவுகோலை எந்தத் துறையும் வெளிப்படையாக அறிவித்ததில்லை. பாடத்திட்டம் அதைச் சொல்லாமல் சொல்கிறது.

பறையில் கோட்பாடு இல்லை என்போர் அதனை அருகிருந்து கேட்டவர் அல்லர். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய சிண்டுக்குச்சி. ஒன்று ஆழ்ந்த ஒலியும் மற்றொன்று கூர்ந்த ஒலியும் தருகின்றன. தோலை நெருப்பில் காய்ச்சுவது சடங்கன்று. ஈரம் நீங்கி இழுவிசை கூடும்போது ஒலி உயர்கிறது. சுருதி சேர்த்தல் என்று மாதுங்காவில் வழங்கும் அதே செயல் இது. ஒலியின் உயரம் எதனால் மாறுகிறது என்னும் முதற்பாடத்திற்கு வீணை நரம்பைக் காட்டிலும் இதுவே தெளிவான சான்று, கண்முன் நெருப்பு இருப்பதால்.

தாளத்தைப் பொறுத்தவரை தமிழ்த்துறையின் இழப்பு இன்னும் பெரிது. காவடிச்சிந்தையும் பாரதியாரின் சிந்துகளையும் நேரசை, நிரையசை எனப் பிரித்து வாய்பாடு எழுத முயன்று, முடியாமல், இது இசைப்பா என்று ஒதுக்கிவிடும் வகுப்புகள் பல. சிந்தில் குறில், நெடில் வேறுபாடின்றி உயிரும் உயிர்மெய்யும் தனித்தனி அசையாகும். குறையும் இடத்தை நீட்டத்தாலோ இடைவெளியாலோ தாளம் நிரப்பும் என்பதை இரா. திருமுருகன் தம் ஆய்வில் விளக்கியுள்ளார். கையால் எட்டு எண்ணத் தெரியாத மாணவர்க்கு அவ்விளக்கம் மற்றொரு மனப்பாடச் சுமையே. எண்ணத் தெரிந்தவர்க்கோ சிந்தின் யாப்பு ஒரு வகுப்பில் விளங்கிவிடும். தம் பாடல்கள் பலவற்றுக்கு இராகமும் தாளமும் குறித்துவைத்த பாரதியார், தம்மைப் படிப்போர் அவற்றைத் தாண்டிச் செல்வர் என்று எதிர்பார்த்திருக்கமாட்டார்.

தாராவி இளைஞர் எட்டு எண்ணத் தெரியாதவர் அல்லர். 2018-இல் வெளிவந்த காலா திரைப்படத்தின் பாடல்களில் தாராவியைச் சேர்ந்த டோப்அடெலிக்ஸ் என்னும் ராப் குழுவினர் பங்கேற்றனர். 2019-இல் வந்த கல்லி பாய் திரைப்படத்திற்குப் பின் இக்கலை நாடறிந்ததாயிற்று. ராப்பின் அடிப்படை அலகு நான்கு அடிப்புகள் கொண்ட ஓர் ஆவர்த்தனம்; பதினாறு ஆவர்த்தனங்கள் ஒரு பத்தி என்பது பெருவழக்கு. அடியிறுதி ஒன்றி வருதல் அதன் உயிர். தமிழ் யாப்பு இதனை இயைபுத்தொடை என்கிறது. இயைபுக்கு எடுத்துக்காட்டு தேடிப் பழைய உரைநூல்களைப் புரட்டும் ஆசிரியர்க்கு, 90 அடிச் சாலையில் அது நாள்தோறும் பிறந்துகொண்டிருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும். முடுகு என்று அருணகிரியாரிடம் போற்றப்படுவது, ராப் பாடுபவரின் நாவில் ஒலிக்கும்போது மட்டும் ஏன் கூச்சலாகிறது? பாடலின் பொருளை ஏற்பதும் மறுப்பதும் வேறு. அமைப்பை ஆராய மறுப்பது ஆய்வாளர்க்கு அழகன்று.

எழக்கூடிய மறுப்புகள்

தமிழாசிரியர் இசை கற்றவர் அல்லரே என்பது முதல் மறுப்பு. யாப்பு நடத்தும் ஆசிரியர் எல்லோரும் வெண்பாப் பாடுபவர் அல்லர். அதனால் யாப்பு கைவிடப்படவில்லை. அடிப்படைகளை நடத்த ஆசிரியர்க்கு வேண்டியவை மேலே கூறிய ஐந்து கட்டைகளும் எட்டெண்ணும் கையும் ஓர் அளவுகோலும். அதற்குமேல் வேண்டும்போது பறைக் கலைஞரையும் நட்டுவனாரையும் வகுப்புக்கு அழைத்து, மதிப்பூதியம் தந்து, இருவரையும் ஒரே நாற்காலியில் அமர்த்தலாம். நாற்காலி என்பதை இங்கு நேர்ப்பொருளிலேயே கொள்க. ஒருவர்க்கு நாற்காலியும் மற்றவர்க்குத் தரையும் தரும் கல்லூரி விழாக்கள் இல்லாமற் போய்விடவில்லை.

கருநாடக இசையின் தூய்மை கெடும் என்பது இரண்டாவது. 60 மணி நேரத்தில் எவரும் வித்துவான் ஆவதில்லை. தூய்மை கெடுமளவுக்கு எதுவும் நிகழ்ந்துவிடாது. வேலைவாய்ப்புக்குப் பயனில்லை என்பது மூன்றாவது. மும்பை என்னும் நகரம் ஒலிப்பதிவுக் கூடங்களாலும் படப்பிடிப்புத் தளங்களாலும் நாடக அரங்குகளாலும் எத்தனை பேர்க்குச் சோறிடுகிறது என்பதை அறிந்தோர் இம்மறுப்பை எழுப்பார்.

நான்காவது மறுப்பு சிந்திக்கத்தக்கது. தெருவின் கலையை வகுப்பறைக்குக் கொண்டுவந்தால் அது தேர்வுத்தாள் வினாவாக உறைந்துபோகும், பாத்கண்டே செய்தது போல எவரையோ வெளியே நிறுத்தும் என்பர். இவ்வச்சம் மெய்யானது. ஆகவே எழுத்துத் தேர்வு இப்பாடத்திற்கு ஆகாது. மாணவர் செய்து காட்டியதையே மதிப்பிடுதல் வேண்டும். மதிப்பிடுவோருள் கலைஞர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். இவற்றை எழுதிவைக்காவிடில், இரண்டே ஆண்டுகளில் குறிப்பேடுகள் கடைக்கு வந்துவிடும் என்பது அனுபவம் காட்டும் உண்மை.

கடைசிப் பத்து மணி நேரம்

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்கு மகாராட்டிர அரசு 2023 சூலையில் இறுதி ஒப்புதல் வழங்கியது. திட்டம் நல்லதா தீயதா என்னும் அரசியல் வாதம் இவ்விதழுக்குரியதன்று. தெருக்கள் மாறும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. தெருவோரம் பொங்கல் பானைகள் வரிசையாக ஏறும் இடமும், கோயிற்கொடையின் ஊர்வலம் நின்று அடிக்கும் முனையும், பந்தலிட்டு மேடை கட்டும் சந்தும் அரங்கங்களே. அவற்றின் அகலம் எவ்வளவு, பார்ப்போர் எந்தப் படியில் நிற்கின்றனர், பெண்கள் எந்த மாடியிலிருந்து காண்கின்றனர், விளக்கு எங்கே கட்டப்படுகிறது, அடியோசை எந்தச் சுவரில் மோதித் திரும்புகிறது என்பன அளந்து எழுதப்பட வேண்டியவை. மாதவியின் மேடையை இளங்கோவடிகள் கோல் கணக்கில் எழுதிவைத்ததால்தான் வகுப்பறைத் தரையில் அதனை மீண்டும் வரைய முடிகிறது.

60 மணி நேரத்தில் கடைசிப் பத்து இதற்கு ஒதுக்கப்படலாம். மாதுங்கா, செம்பூர் மாணவரும் தாராவி மாணவரும் கலந்த சிறு குழுக்கள் அமையட்டும். வழிகாட்டுபவர் தாராவி மாணவராக இருக்கட்டும். அவர்க்குத் தெரிந்த இடம் அது. அனுமதி பெற்று, கலைஞரின் பெயரை அவர் விரும்பியவாறு குறித்து, தாள அடைவுகளைப் பதிவு செய்து, இடத்தை வரைபடமாக்கித் துறை நூலகத்தில் வைக்கலாம். அடுத்த ஆண்டு வரும் மாணவர் அதிலிருந்து தொடங்குவர். முதற்குழு புறப்படும் நாளில் சில தெருக்கள் பழைய நிலையில் இருக்கும், சில இரா. எனவே எந்தப் பருவத்தில் தொடங்குவது என்பதை அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்திலேயே முடிவு செய்தாக வேண்டும்.